வியாழக்கிழமை நான்கு மணிக்குள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. மகளுக்குப் பதினான்கு மாதம். அவள் பிறந்த பிறகு, துபாயில் ஒரு பல்கலைக்கழகத்தில் எட்டு வருடம் பார்த்த வேலையை விட்டேன். என் கணவர் மாலையில் கதவைத் திறந்ததும், "ரிட்டயர்டு மேடம், ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பேன். அந்தச் சொல் கொஞ்சம் வலிக்கும் என்பதை அவரிடம் சொன்னதில்லை.

என் இடத்தில் இப்போது கவிதா என்ற கோயம்புத்தூர்ப் பெண் இருக்கிறாள். போன வாரம் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"அக்கா, ஸ்பான்சருக்குப் பண்ற போன் காலை நிறுத்திரப் போறாங்க. இனி எல்லாம் ஆன்லைன்தான். ஸ்டூடண்ட் ஃபார்மை ஃபில் பண்ணுனா ஸ்பான்சருக்குத் தானா மெசேஜ் போயிருமாம். நம்ம ஒப்பீனியன் கேக்குறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைங்க்கா. நீங்க இத்தனை வருஷம் பண்ணியிருக்கீங்க, ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன், ப்ளீஸ்."

நான்கு நாளாக ஒரு பக்கத்துக்கு முயன்றேன். குழந்தை தூங்கும் நேரத்தில் எழுதி, எழுந்ததும் படித்துப் பார்த்து அடித்துவிடுவேன். கேள்விக்குப் பதில் ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அதைச் சொல்லாமல் வரியை மட்டும் கொடுப்பது சரியாகப் படவில்லை. சொல்லுவதும் சரிதானா என்று இன்னமும் யோசிக்கிறேன். அந்த வீட்டாரின் பெயரையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து முதல் இரண்டு வருடம் பதிவாளர் அலுவலகத்தில் கவுண்டர் வேலை. சான்றிதழ் நகலில் முத்திரை குத்துவது, வரிசையை ஒழுங்குபடுத்துவது, "சிஸ்டம் டவுன்" என்று நாற்பது முகங்களிடம் சொல்வது. அதிலிருந்து நான் கற்றது, எந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் எப்போதும் காலியாக வரும் என்பதுதான். அதைப் பார்த்துத்தான் சல்மா மேடம் என்னைத் தன் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார். அது மாணவர்களுக்கான அவசர உதவிப் பிரிவு. இரண்டு மேசை, ஒரு அலமாரி, ஒரு ஜன்னல்.

ஏழைப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் உண்டு. அது வேறு மாடி. எங்களிடம் வருவது, நேற்று வரை சரியாக ஓடி இன்று காலையில் கவிழ்ந்த வீடு. அப்பாவுக்கு மாரடைப்பு, கம்பெனி மூடல், தங்கியிருந்த அறையில் தீ. நிதி பெரியதல்ல. ஒருவருக்கு ஒரு முறைதான். கையில் பணமாகத் தரமாட்டோம். கட்டணமாகவோ, டிக்கெட்டாகவோ, வாடகையாகவோ நேராகப் போய்ச் சேரும்.

சல்மா மேடம் சூடானைச் சேர்ந்தவர். ஐம்பது தாண்டிய வயது, நல்ல உயரம். அவர்கள் ஊர் வழக்கப்படி உடலைச் சுற்றி, தலையையும் மூடி உடுத்தும் நீளத் துணி, பார்ப்பதற்கு நம் சேலை போலவே இருக்கும். தோளிலிருந்து நழுவும் முனையை நம் பெண்கள் போலவே பேச்சின் நடுவில் இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த அசைவைப் பார்த்தால் எனக்கு முதல் நாளிலிருந்தே ஊர்க்காரரைப் பார்த்தது போல இருக்கும். அவரோ யாருக்கும் ஊர்க்காரர் அல்ல. யாரிடமும் ஒரே அளவு தூரத்தில் இருப்பார்.

மாணவர் உட்காரும் நாற்காலியைத் தன் எதிரே போடமாட்டார். மேசையின் பக்கவாட்டில், ஜன்னலைப் பார்த்தபடி போட்டிருப்பார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை வெளியே கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். டிஷ்யூ பெட்டி மாணவரின் கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருக்கும். யாரும் அதை எடுத்து நீட்டக் கூடாது. "நீட்டினால், அழு என்று சொல்வது போலிருக்கும்" என்பார். படிவத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். நடந்ததை ஒரு முறை மட்டும் கேட்பார். இன்னொருவர் வந்தாலும் மறுபடி சொல்லச் சொல்லமாட்டார். எல்லாம் கேட்டு முடித்ததும் ஒரே கேள்வி: "எந்தத் தேதிக்குள்?"

முதலில் எனக்கு அது கல் மனசுக் கேள்வியாகப் பட்டது. ஒரு பையன் அரை மணி நேரம் தன் சித்தப்பாக்களின் துரோகத்தைச் சொன்னான். நான் கண் கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேடம், "எந்தத் தேதிக்குள்?" என்றார். அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்று ஐந்து மணிக்கு அறையின் பூட்டை மாற்றிவிடுவார்கள்" என்றான். மணி அப்போது மூன்றரை. மேடம் கேட்டிருக்காவிட்டால் நான் அவன் குடும்பக் கதையில் ஐந்து மணியைத் தாண்டியிருப்பேன்.

இனி அந்தப் போன் அழைப்பு. இந்த நாட்டில் மாணவர் யாருடைய விசாவின் கீழ் இருக்கிறாரோ அவர்தான் ஸ்பான்சர். பெரும்பாலும் அப்பா. விண்ணப்பம் வந்தால் ஸ்பான்சரிடம் ஒரு முறை பேசி உறுதி செய்து, பிறகு அவர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வாங்க வேண்டும். பேசுவதற்கு மேடம் ஆறு வரியில் ஒரு தாள் எழுதி என் மேசையில் ஒட்டியிருந்தார். ஆங்கிலத்தில் மட்டும் பேசவும் என்பது அதில் ஒரு வரி. வேறு யாராவது எடுத்தால், பிறகு அழைக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைக்கவும் என்பது இன்னொரு வரி.

"ஆங்கிலம் தெரியாத அப்பாக்கள் உண்டே மேடம்?" என்று கேட்டேன்.

"அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரை வைப்போம். நீ உன் மொழியில் பேசினால் அவர்களுக்கு உறவாகிவிடுவாய். உறவுக்காரர்களிடம் எந்த விஷயமும் பத்திரமாக இருக்காது. உனக்குத் தெரியாதா?"

தலையாட்டினேன். மனதுக்குள் ஏற்கவில்லை. மாணவர்கள் மத்தியில், "அங்க தமிழ் அக்கா ஒருத்தங்க இருக்காங்க, போய்ப் பாரு" என்று ஒரு பேச்சு இருந்தது. அதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை.

ரிஸ்வானாவும் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வந்தாள். கடைசி வருடம், கடைசி செமஸ்டர். ஒரு திங்கட்கிழமை காலை. நேராக என் மேசைக்கு வந்து, "நீங்கதான் தமிழ் அக்காவா?" என்றாள்.

ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க் குடும்பம். அவள் பிறந்து வளர்ந்தது ஷார்ஜாவில். அப்பா ஒரு கம்பெனி கோடவுனில் ஸ்டோர்கீப்பர். அந்த ஒரே இடத்தில் பத்தொன்பது வருடம். ஒன்பது வாரத்துக்கு முன் வேலை போய்விட்டது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. தினமும் காலை ஏழு மணிக்குக் கம்பெனிச் சட்டை போட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மாலை ஆறரைக்குத் திரும்பி வருகிறார்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வாப்பா சிவி அனுப்புறதுக்கு என் லேப்டாப்ப யூஸ் பண்ணாங்க அக்கா. டவுன்லோட்ஸ்ல அந்த லெட்டர் இருந்துச்சு. ஐ வாஸ் ஜஸ்ட் லுக்கிங் ஃபார் மை அசைன்மென்ட்." ஜன்னலைப் பார்த்தாள். "உம்மாக்கு எதுவுமே தெரியாது. எனக்குத் தெரியும்னு வாப்பாக்கே தெரியாது."

அந்தக் கடிதத்தின் நகலைப் படிவத்தோடு இணைத்திருந்தாள். கடைசித் தவணை கட்டவில்லை. அடுத்த திங்களன்று கட்டணம் நிலுவையிலுள்ளவர்களின் பெயர் தேர்விலிருந்து நிறுத்தப்படும். தேர்வு எழுதாவிட்டால் இன்னொரு செமஸ்டர். அதற்குக் கட்டப் பணமும் இல்லை, அப்பாவின் விசா அதுவரை நிற்குமா என்பதும் தெரியாது. உதவியை முடிவு செய்யும் எங்கள் குழு கூடுவது வியாழக்கிழமை மாலை. மேடத்தின் கேள்விக்கு முன்பே நான் பதிலைப் படிவத்தின் மேல் எழுதினேன்: வியாழன் நான்கு மணிக்குள் ஸ்பான்சர் கையெழுத்து.

"வாப்பாகிட்ட பேசாம முடியாதா?"

"முடியாதும்மா. ரூல்."

விரலால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அப்ப நான் இன்னிக்கு ஈவினிங் வாப்பாகிட்ட தனியா சொல்லிடுறேன். நாளைக்கு நீங்க வாப்பா நம்பருக்கு மட்டும் பேசுங்க. உம்மாக்கு மட்டும் தெரிய வேண்டாம் அக்கா. ஷி வில் ப்ரேக். ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்" என்றேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. அந்த எண்ணை அழைத்தேன். தாள் எதிரே இருந்தது. மூன்றாவது மணியில் ஒரு பெண் எடுத்தார்.

"ஹலோ, யாரு பேசுறது?"

ஆங்கிலத்தில் என் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொன்னேன். பிறகு அழைக்கிறேன் என்று சொல்லி வைப்பதற்குள் அந்தக் குரல் உயர்ந்தது.

"யுனிவர்சிட்டியா? யா அல்லாஹ், புள்ளைக்கு என்னம்மா? ரிஸ்வானாவுக்கு என்ன ஆச்சு?"

ஒரு தாய் அப்படிக் கேட்கும்போது ஆங்கிலத்தில் வைத்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. இன்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாலும், முடிந்திருக்காது என்றே தோன்றுகிறது. ஆனால் தவறு அங்கே இல்லை. அதற்கு அடுத்த மூன்று வாக்கியத்தில்தான் இருக்கிறது.

"பயப்படாதீங்கம்மா, ரிஸ்வானா நல்லா இருக்கா. ஒண்ணும் இல்ல."

"தமிழாம்மா நீங்க? உசுரே போயிருச்சு எனக்கு. அவுக டூட்டிக்குப் போயிட்டாக. போன சார்ஜ்ல போட்டுட்டு அப்படியே மறந்துட்டுப் போயிட்டாக. என்ன விசயம்னு எங்கிட்ட சொல்லுங்கம்மா."

"ஒண்ணுமில்லம்மா, பீஸ் விஷயமா..."

"பீஸா? கட்டியாச்சுன்னு சொன்னாகளே?"

"கட்டிரலாம்மா, கவலைப்படாதீங்க. அதுக்குத்தான் இந்த உதவியே. வேலை இல்லாத நேரத்துல எந்த வீட்டுலயும் இப்படி ஆகுறதுதானே."

ஆறுதலாகத்தான் சொன்னேன். அத்தனை நேரம் பின்னால் ஏதோ தாளித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது மட்டும் தொடர்ந்து கேட்டது.

"யாருக்கு வேலை இல்ல?" என்றார் அவர்.

என் கண் எதிரே இருந்த ஆறு வரித் தாளுக்குப் போனது. அந்தத் தாமதமே அவருக்குப் பதிலாகிவிட்டது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

எழுந்து மேடத்தின் மேசைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எந்த மொழியில் பேசினாய்?"

"தமிழில்."

திட்டவில்லை. ரிஸ்வானாவின் கோப்பை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வரி எழுதினார்: விண்ணப்பதாரர் மறைக்கக் கேட்ட தகவல் எங்கள் ஊழியரால் தாயாரிடம் சொல்லப்பட்டது. பிழை எங்களுடையது. அடியில் அவர் கையெழுத்திட்டார். பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார். நானும் கையெழுத்திட்டேன். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அழுது தீர்த்திருப்பேன். அந்தத் தாள் இன்றும் அந்த அலமாரியில் இருக்கும்.

மூன்று மணிக்கு ரிஸ்வானா வந்தாள். உட்காரவில்லை.

"உம்மா கால் பண்ணாங்க. அழுதாங்க, என்ன நடந்துச்சுன்னு என்னையே கேக்குறாங்க."

"ரிஸ்வானா, தப்பு என்னோடதும்மா. அவங்க பயந்துட்டாங்க, நான்..."

"நேத்து நானும் சொல்லல. ஓகே? வாப்பா டயர்டா வந்தாங்க, எனக்குச் சொல்ல வாயே வரல. அது என் ஃபால்ட். ஆனா நான் உங்கள அக்கான்னு கூப்பிட்டேன்ல? அதனாலதான உங்ககிட்ட வந்தேன்?" கதவுப் பிடியில் கை வைத்தாள். "நீங்க மேடமாவே இருந்திருக்கலாம்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுடைய வாப்பா வந்தார். ஒல்லியான மனிதர், தேய்த்துப் போட்ட நீலச் சட்டை. சட்டைப் பையின் மேல் பழைய கம்பெனியின் பெயர் தைத்திருந்தது. பேசும்போது கை தானாக அங்கே போய் அதை மூடிக்கொண்டது. மேடம் அவரை ஜன்னல் பக்க நாற்காலியில் உட்காரச் சொன்னார். என்னையும் கூப்பிட்டார்.

"இன்று மட்டும் உன் மொழி வேண்டும். அவர் சொல்வதை அப்படியே சொல். சேர்க்காதே, குறைக்காதே."

"மேடம், டாட்டர் மிஸ்டேக். ஃபார்ம் கேன்சல்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா அவங்ககிட்ட. நாங்க ஸகாத் குடுத்த குடும்பம். வாங்குன குடும்பம் இல்ல. எங்க வாப்பா ஊர்ல நோன்புக்கு அரிசி மூட்டை எறக்கி வச்சுக் குடுத்தவரு. நான் வந்து இங்க கைநீட்டுனேன்னு ஊருக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது."

நான் வாயைத் திறக்கும் முன் மேடம் கை காட்டினார். ஏழைகளுக்கான தானத்தைக் குறிக்கும் ஸகாத் என்ற அரபுச் சொல்லுக்கு அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"சொல்லு அவரிடம். இது ஸகாத் என்றால் நான் அவரிடம் படிவம் கேட்டிருக்க மாட்டேன். ஸகாத் கொடுக்கிறவர் இத்தனை கையெழுத்துக் கேட்பாரா?"

சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"எங்க போய் உக்காருறீங்க சார், பகல்லாம்?" என்று நானாகவே கேட்டுவிட்டேன். சேர்க்காதே என்று சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பர் துபாய்ல, படகுத்துறைப் பக்கம். முதல்ல ரெண்டு மூணு ஆபீஸ் ஏறி எறங்குவேன். லஞ்சுக்கு அங்க போயிருவேன். அவ சோறு கட்டிக் குடுக்குறா. திங்காம வீட்டுக்குக் கொண்டு போக முடியுமா?"

இதையும் மொழிபெயர்த்தேன். மேடம் நழுவிய முனையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அலமாரியைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று, ஸ்பான்சர் உறுதிமொழி. இன்னொன்று, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் படிவம்.

"இவருடைய உரிமை. ரத்து செய்யலாம். அதற்கும் கையெழுத்து வேண்டும், ஆனால் இங்கே இப்போது வேண்டாம். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டு போகட்டும். நாளை நான்கு மணிக்குள் ஒன்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். எது வந்தாலும் நான் எடுத்துக்கொள்வேன். கலாஸ், அவ்வளவுதான்."

அவர் இரண்டு தாளையும் நான்காக மடித்துப் பையில் வைத்தார். கை மறுபடியும் கம்பெனிப் பெயரை மூடிக்கொண்டது.

மனசு கேட்காமல் அவர் பின்னாலேயே வராந்தாவுக்குப் போனேன். "சார், என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்றார். "ஒம்பது வாரமா நான் சொல்ல முடியாதத நீங்க ஒரு நிமிசத்துல சொல்லிட்டீங்க."

அது குத்தலா நன்றியா என்று எனக்கு இன்று வரை தெரியாது. அவர் சொன்ன விதத்தை மனதில் ஓட்டிப் பார்த்து ஒரு நாள் ஒரு விதமாகவும் மறுநாள் வேறு விதமாகவும் முடிவு செய்வேன்.

வியாழக்கிழமை. காலையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. ரிஸ்வானாவுக்குப் போன் செய்யலாமா என்று மேடத்திடம் கேட்டேன். "நீ யாருக்கும் போன் செய்ய வேண்டாம்" என்றார். அந்த வாரத்தில் அவர் சொன்ன ஒரே கடுமையான வாக்கியம் அது.

மூன்றேகாலுக்குக் கதவு திறந்தது. கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண், கையில் ஒரு சாப்பாட்டுப் பை, முகமெல்லாம் வேர்வை.

"நான் ரிஸ்வானா உம்மா. நீங்கதான் அன்னிக்குப் பேசுனவங்களா?"

குரலிலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னதும் ஜன்னல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"அவுக வெளிய பஸ் ஸ்டாப்புல நிக்கிறாக. உள்ள வரமாட்டாகளாம். நான் சொல்லிட்டேன், சரி, நீங்க வெயில்ல காயுங்க, நான் ஏசில போய் உக்காந்துட்டு வாறேன்னு." பையைத் திறந்து தாளைத் தேடிக்கொண்டே பேசினார். "அன்னிக்கு நீங்க சொன்னதும் அடுப்ப அணைச்சேன். வேற என்ன செய்யணும்னு தெரியல. ராத்திரி சண்டைதான். அவுக ஒரு மூலை, புள்ள ஒரு மூலை, நான் ஒரு மூலை. நேத்து இங்க வந்துட்டுப் போனவுக ஒரு வார்த்தை பேசல. இன்னிக்குக் காலைல பாத்தா மறுபடியும் அதே சட்டையப் போட்டுட்டு நிக்கிறாக. எல்லாருக்கும்தான் தெரிஞ்சு போச்சே, இனி யாருக்காகப் போறீகன்னு கேட்டேன். வீட்ல இருக்க முடியல புள்ளன்னாக."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ரெண்டு பேருக்கும் சேத்துக் கட்டுனேன். நெத்திலி வாங்கி வச்சிருந்தேன், பெரிய மீனும் ஒரு துண்டு இருந்துச்சு. எங்க போறீகளோ நானும் வாறேன், வாங்கன்னு நானே முன்னாடி எறங்கிட்டேன். இருபத்தி ரெண்டு வருசமா கட்டிக் குடுக்குறேன், எங்க உக்காந்து திங்கிறாகன்னு ஒரு நாளாச்சும் பாத்திருக்கேனா?"

படகுத்துறை அருகே ஒரு கல் இருக்கையில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்து, அவர் பையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்தாராம். ஒன்றில் கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்தாராம்.

அந்தத் தாள் என் கைக்கு வந்தது. ஸ்பான்சர் உறுதிமொழி. நான்கு மடிப்பு, ஓரத்தில் மஞ்சளாக எண்ணெய்க் கறை, கீழே நிதானமான கையெழுத்து.

குமாஸ்தா புத்தி எங்கே போகும்? "இன்னொரு ஃபார்ம் இருந்ததேம்மா? ரத்து பண்றது? அதையும் திருப்பிக் கோப்புல வைக்கணும்" என்றேன்.

அந்த அம்மாள் என்னை ஒரு நொடி பார்த்தார்.

"அதுலதான மீன் முள்ள வச்சு மடிச்சுக் குப்பைல போட்டாக" என்றார்.

நான் இதை மொழிபெயர்த்ததும் மேடம் சிரித்தார். அவரோடு இருந்த ஆறு வருடத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கறை படிந்த தாளைக் குழு ஏற்குமா, புதிதாக ஒன்றில் வாங்கிவிடலாமா, அவர் பஸ் ஸ்டாப்பில்தானே நிற்கிறார் என்று நான் ஆரம்பித்தேன். "அவரை மறுபடி எழுத வைக்காதே" என்று சொல்லிக் கோப்பில் வைத்துவிட்டார். மணி மூன்று நாற்பது.

கிளம்பும்போது அந்த அம்மாள் கதவருகே நின்றார். "நீங்க செஞ்சது நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேம்மா. என் வீட்டு விசயம் எனக்குக் கடைசியாத் தெரிஞ்சுது. அதுவும் வெளியாளு சொல்லி. அது எப்பவும் இருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பெரியம்மா சிரிச்சாங்கள்ல, அவங்களுக்கு சலாம் சொன்னேன்னு சொல்லுங்க."

அன்று மாலை குழு ஒப்புக்கொண்டது. திங்களன்று ரிஸ்வானாவின் பெயர் நிறுத்தப்படவில்லை. தேர்வு எழுதினாள், தேறினாள். அவளுடைய வாப்பாவுக்கு இரண்டு மாதம் கழித்து அஜ்மானில் ஒரு கடையில், முன்னைவிடக் குறைந்த சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று வேறொரு மாணவி சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த வருடத்தில் மேலும் இரண்டு முறை ரிஸ்வானா எங்கள் பிரிவுக்கு வர வேண்டியிருந்தது. இரண்டு முறையும் ஆங்கிலத்தில் பேசினாள். "யெஸ், மேடம்." "தேங்க் யூ, மேடம்." குறை சொல்ல ஒன்றும் இல்லாத மரியாதை.

அதன் பின் எங்கள் முறை மாறியது. ஆறு வரித் தாளைக் கிழித்துவிட்டு மேடம் ஒரு வரி எழுதி ஒட்டினார்: எண்ணை மாணவர் அழுத்துவார். அதாவது, மாணவரை நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய போனிலிருந்து அவரே அழைத்து, அவர் முதலில் பேசி, பிறகு நம்மிடம் கொடுக்க வேண்டும். வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பது அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். சிலர் எண்ணை அழுத்த இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார்கள். காத்திருப்போம். ஒரு பையன் மூன்று நாள் வந்து போனான். நான்காம் நாள் அழுத்தினான்.

அந்த வருடம் திருச்சியில் இருக்கும் என் அப்பாவிடம் போனில் ஒரு நாள் கேட்டேன். அவர் சவுதியில், அல் கோபாரில் பதினேழு வருடம் இருந்தவர். ஒரு வருடம் மட்டும் லீவில் வந்தபோது பெட்டி இல்லாமல், ஒரு கைப்பையோடு வந்தார். லக்கேஜ் பின்னால் வருகிறது என்றார். வரவேயில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

"அப்பா, அங்க உங்களுக்கு எப்பவாவது வேலை போயிருக்கா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? நீ சாப்ட்டியா?" என்றார்.

இப்போது என் கணவரின் கம்பெனியிலும் ஆட்களைக் குறைக்கிறார்கள். நான் வேலையை விட்டது சரிதானா என்று தினமும் ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன். காலையில் டப்பா கட்டிக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கிறேன். ஒரு நாள் பகலில் அவருடைய ஆபீஸ் எண்ணை அழைத்து, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். பிறகு அவருடைய சொந்த எண்ணையே அழைத்து, "வேலைல ஏதாவதுன்னா எனக்கு முதல்ல சொல்லிருவீங்கல்ல?" என்று கேட்டேன். "என்ன ஆச்சு உனக்கு?" என்று சிரித்தார். "சொல்லுங்க" என்றேன். "சொல்றேன்மா, முதல்ல உனக்குத்தான்" என்றார். அதன் பிறகு அந்த எண்ணை நான் அழைக்கவில்லை.

ஆகவே கவிதா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். போன் அழைப்பை நிறுத்த வேண்டாம் என்று எழுதிக் கொடு. தானாகப் போகும் செய்தி, வீட்டில் சார்ஜில் கிடக்கும் போனுக்கும் போகும். யார் எடுத்துப் படித்தாலும் அதற்குக் கவலையில்லை. தாளிக்கும் சத்தம் அதற்குக் கேட்காது. நானும் அன்று கேட்டும் நிறுத்தவில்லைதான். ஆனால் பிழை எங்களுடையது என்று கையெழுத்துப் போட ஒரு ஆள் இருந்தாள். நாற்காலி ஜன்னல் பக்கமே இருக்கட்டும். எண்ணைப் பிள்ளையே அழுத்தட்டும். எவ்வளவு நேரமானாலும்.

ஒன்றை விட்டுவிட்டேன். நான் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது ரிஸ்வானா ஒருநாள் சான்றிதழுக்காக எங்கள் கோப்பிலிருந்து ஒரு தாள் வாங்க வந்தாள். படிப்பு முடித்து வேலைக்குப் போகிறாள், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. என் வயிற்றைப் பார்த்தாள். நான் அலமாரியின் கீழ்த்தட்டில் கோப்பெடுக்கக் குனிந்தபோது, "ஐ வில் டேக் இட்" என்று தானே குனிந்து எடுத்துக் கொடுத்தாள். வேலை முடிந்து வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"பாத்து இருங்க" என்றாள். தமிழில்.

அக்கா என்று சொல்லவில்லை. மேடம் என்றும் சொல்லவில்லை. நான் சரி என்று தலையாட்டினேன்.